மருந்துக் கூண்டு

மலைமேல் குண்டூர் நாட்டில் மாதம்மாளுக்கு ‘எலிக்காரி’ என்று பெயர் வைத்தவன் அவளுடைய கணவன் கருப்பண்ணன்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேருந்துக்குக் காத்திருந்த நாலு பேர் காதில் விழும்படி, “எலியை அடிக்கறதுக்குக் கூலி குடுப்பாங்க, கேட்டிருக்கறம். எலிக்குச் சோறு வெக்கறதுக்குக் கூலி வாங்கறவளை இப்பத்தான் பாக்கறேன்” என்றான். சிரித்தவர்களுள் மாதம்மாளும் ஒருத்தி. அந்தப் பெயர் பிறகு அவளைவிட்டுப் போகவே இல்லை.

அவள் வேலை பார்த்தது வாழவந்தி நாட்டில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்த தனியார் மூலிகை ஆய்வு நிலையம் ஒன்றில். மலையில் விளையும் செடி, கொடி, வேர்களுக்கு மக்கள் சொல்லும் குணம் உண்மையிலேயே உண்டா என்று எலிகளைக்கொண்டு சோதித்துப் பார்ப்பது அந்நிலையத்தின் பணி. பெருக்கித் துடைக்கத்தான் மாதம்மாள் முதலில் சேர்ந்தாள். எலி அறையைக் கவனித்துவந்தவர் கீழ்நாட்டுக்கு இறங்கிப் போய்விடவே, அந்தப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. கூண்டுகளில் பழைய உமியை அள்ளிப் புது உமி பரப்புவாள்; தண்ணீர்ப் புட்டிகளைக் கொதிநீரில் அலசுவாள்; தீனி நிறுத்து வைப்பாள். முதல் மாதம் முழுவதும் அந்த வாடை சேலையை விட்டுப் போகாமல், சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் குமட்டியது. பின்னர் அவளுக்கு வாடையே தெரியாமற்போயிற்று. கருப்பண்ணனுக்குத் தெரிந்தது. குளித்துவிட்டு வந்தால்தான் அடுப்படிக்குள் விடுவான்.

கருப்பண்ணனுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரைக்கு அடங்காமல் ஊசிவரை வந்துவிட்டது. இன்சுலினை இலவசமாகக் கொடுத்துப் போடவும் கற்றுக்கொடுத்தவள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலி ஜெசிந்தா; திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஊசியை அவன் வெறுத்தான். வயிற்றுத் தோலைப் பிடித்துக் குத்திக்கொள்ளும்போதெல்லாம், “மாடு மூக்கணாங்கயிறு குத்தறப்பக்கூட ஒருக்காத்தான் கத்துது” என்று முணுமுணுப்பான். மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கிய காட்டில் வெறுங்காலோடு நடந்தபோது, வெட்டி விட்ட தண்டின் முனை அவன் வலது பாதத்தில் ஏறியது. அந்தப் புண் ஆறவே இல்லை. ஊசியை ஒழுங்காகப் போட்டால்தான் ஆறும், இல்லாவிட்டால் காலுக்கே ஆபத்து என்று ஜெசிந்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்தில் கரட்டுக்கொடி வேரைச் சோதிக்கத் தொடங்கினார்கள். பாறை இடுக்கில் படரும் கொடி அது. அதன் வேரை இடித்துக் குடித்தால் சர்க்கரை வற்றிப் போகும் என்பது மலையில் நெடுநாள் பேச்சு. வேரைத் தோண்டி நிலையத்துக்குக் கொடுத்தவள் கருப்பண்ணனின் பெரியம்மா மகள் ராமாயி. நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். அவளுக்கும் அதே நோய். சோதனையை நடத்தியவள் சுகுணா என்ற ஆராய்ச்சி மாணவி. நிலையத் தலைவர் ஈஸ்வரமூர்த்தி வாரம் ஒருமுறை வந்து பார்வையிட்டுச் செல்வார்.

முதல் நாள் சுகுணா எலிகளுக்கு ஊசி போடுவதை, ஒவ்வோர் எலியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே மாதம்மாள் பார்த்திருந்தாள்.

“இது எதுக்குங்க அம்மிணி ஊசி?”

“சர்க்கரை வர்றதுக்குங்க்கா. வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இருக்குது. அதுலதான் இன்சுலின் ஊறும். இந்த ஊசி அதை அழிச்சுப்போடும்.”

“நல்லா ஓடியாடற சீவனுக்கு நாமளே நோவைக் குடுக்கறதுங்களா?”

“நோவு இருந்தாத்தானுங்க்கா எது கேக்குது, எது கேக்கலைன்னு பாக்க முடியும். நேரா மனுசனுக்குக் குடுத்துப் பாக்கலாமுங்களா?”

மாதம்மாள் கையிலிருந்த எலியைப் பார்த்தாள். “அது செரி. இதுககிட்ட யாரு கேக்கறது” என்றாள். சுகுணா சிரிக்கவில்லை, அடுத்த எலிக்குக் கையை நீட்டினாள்.

சில நாளில் நோய் தெரிந்தது. எலிகள் புட்டியை விட்டு வாயை எடுக்காமல் தண்ணீர் குடித்தன. எவ்வளவு தின்றாலும் முதுகெலும்பு துருத்தியது. பரப்பிய உமி பாதிப் பகலுக்குள் சொதசொதவென்று நனைந்து போயிற்று. வால் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, சுகுணா அவற்றை வகை பிரித்தாள். ஒரு கூண்டில் நோயே இல்லாதவை. இரண்டாவதில் நோய் கொடுத்து வெறுமனே விட்டவை. மூன்றாவதில், கடைகளில் விற்கும் சர்க்கரை மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுக்கப்படுபவை. நான்காவதில் கரட்டுக்கொடி வேரின் சாறு கொடுக்கப்படுபவை. மாத்திரைக்கு ஈடாக வேர் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று ஒப்பிடத்தான் இந்த ஏற்பாடு. கரைசலை எலியின் வாய்க்குள் குழாய் விட்டுப் புகட்டும் வேலை மட்டும் உள் அறையில், கதவை மூடிக்கொண்டு நடக்கும். மாதம்மாள் கூண்டுகளை வாசலில் கொண்டுபோய் வைப்பாள், முடிந்ததும் எடுத்துவருவாள். எந்தக் கூண்டுக்கு எது என்பதைக் கூண்டுமேல் ஒட்டிய ஆங்கில எழுத்துகள் சொல்லும். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

நிலையத்தாருக்குப் பேச்சு வழக்கில் ஒரு சுருக்கம் இருந்தது. மூன்றாவதை ‘மருந்துக் கூண்டு’ என்பார்கள். நான்காவதை ‘எக்ஸ்ட்ராக்ட் கூண்டு’, அதாவது சாற்றுக் கூண்டு, என்பார்கள். படித்தவர்களுக்கு மருந்து என்றால் கடையில் விற்பது, ஏற்கெனவே தேறியது. வேர்ச்சாறு இன்னும் மருந்தாகவில்லை, சோதனையில்தானே இருக்கிறது! மலையிலோ வழக்கு நேர் எதிர். மண்ணிலிருந்து தோண்டி இடித்துக் கொடுப்பது எதுவோ அதுதான் மருந்து. ஆஸ்பத்திரியில் கொடுப்பது மாத்திரை, ஊசி. அவற்றை மருந்து என்று யாரும் சொல்வதில்லை. ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்ற சொல்லை மாதம்மாள் அதுவரை கேட்டதில்லை. இங்கிலீசில் இருக்கிறது, ஆகவே ஏதோ கம்பெனி மாத்திரை என்று எடுத்துக்கொண்டாள். இரு தரப்பாரும் ஒரே தமிழைத்தான் பேசினார்கள். அதனால் இந்தப் பிசகு யாருக்கும் புலப்படவில்லை.

கருப்பண்ணன் நாள்தோறும் விசாரித்தான். “உன்ற எலி என்ன சொல்லுது?”

“இன்னும் ஒண்ணும் சொல்லலை. ஊசியைப் போட்டீங்களா?”

“போட்டேன் போட்டேன். இதைக் கேளு புள்ள. மருந்து எலிக்குக் கேட்டுதுன்னு நீ வந்து சொல்லு. அன்னைக்கே இந்த ஊசியை ஓடையில வீசறேன். கேக்கலைன்னாலும் சொல்லு. சாகறவரைக்கும் குத்திக்கறேன், வாயே தொறக்கமாட்டேன்.”

வீம்புக்குச் சொல்கிறான் என்று அவள் நினைக்கவில்லை. அவன் சொன்ன சொல்லில் நிற்பவன். தன் வாயிலிருந்து வரும் ஒரு பேச்சில் அவன் உயிர் தொங்குகிறது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆகையால் அவசரப்படாமல் பார்த்திருந்தாள். மூன்றாவது கூண்டில் உமி மெல்ல மெல்ல உலரத் தொடங்கியது. எலிகளின் உரோமம் படிந்து பளபளத்தது. நான்காவது கூண்டில் எந்த மாற்றமும் இல்லை. அவை மூலையில் குவிந்து கிடந்தன. ஒன்று இறந்தும் போயிற்று. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஈஸ்வரமூர்த்தி வந்த அன்று, அவர் கேட்டு சுகுணா மறுமொழி சொன்னதைக் காதாரக் கேட்டாள்.

“மருந்துக் கூண்டு எப்படிம்மா?”

“நல்லா இறங்கிடுச்சு சார். கிட்டத்தட்ட நோய் இல்லாத எலி மாதிரியே இருக்கு.”

அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே மாதம்மாள் சொன்னாள்: “ஏனுங்க, மருந்து கேட்டுருச்சுங்க.”

கருப்பண்ணன் நம்பாதவன்போல் அவளையே பார்த்தான். “நீ பாத்தியா, அவிய சொன்னாங்களா?”

“நானும் பாத்தேன், அவியளும் சொன்னாங்க. பெரிய டாக்டரே கேட்டுக்கிட்டாரு.”

அவன் எழுந்து, நொண்டிக்கொண்டே ராமாயி வீட்டுக்குப் போனான். ஊசியை ஓடையில் வீசவில்லை. வீசினால் ஜெசிந்தா அறிந்துவிடுவாள் என்று ஒரு டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தான்.

ராமாயி வேரை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்தாள். தானும் தன் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடித்தாள். உப்பில்லாச் சோறு, புளியும் எண்ணெயும் ஆகாது என்று பத்தியம் வைத்தாள். முதல் சில நாள் கருப்பண்ணன் உற்சாகமாக இருந்தான். மிளகுக் கொடி ஏறிய மரத்தடியில் நின்று, “ஏறட்டுமா?” என்று மனைவியைச் சீண்டினான். பிறகு அவனுக்குத் தாகம் எடுத்தது. குடத்தைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. கால் புண்ணின் ஓரம் கறுத்தது.

மாதம்மாள் இந்தக் குறிகளை அறியாதவள் அல்லள். காலையெல்லாம் இவற்றையே நான்காவது கூண்டில் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். “ஏன் நங்கையா, இவரும் அந்த நோவு எலியாட்ட தண்ணி குடிக்கறாருங்களே?” என்று நாத்தனார் முறையான ராமாயியிடம் கேட்டாள்.

“மருந்து வேலை செய்யறப்ப உடம்பைக் கலக்கத்தான் செய்யும். கெட்ட நீரெல்லாம் வெளிய போவோணுமில்ல? எனக்குந்தான் நாக்கு வறளுது. நான் என்ன அழுதுக்கிட்டா இருக்கறேன்?”

அதில் மனம் அமையாமல், மறுநாள் சுகுணாவிடமே போய் நின்றாள். தன் கணவன் வேரைக் குடிக்கும் செய்தியைச் சொல்லவில்லை. சொன்னால் சோதனை முடியுமுன் வெளியே பேசியதற்குத் திட்டுவார்களோ என்ற அச்சம். வேறு மாதிரி கேட்டாள்.

“அம்மிணி, மருந்துக் கூண்டு இன்னும் நல்லாத்தான இருக்குதுங்க? கடைசில மாறிக்கீறிப் போயிராதுங்களே?”

“சூப்பரா இருக்குதுங்க்கா. அதுல சந்தேகமே வேண்டாம்” என்றாள் சுகுணா.

ஜெசிந்தா ஒருநாள் புண்ணுக்குக் கட்டுப்போட வீட்டுக்கே வந்தாள். கட்டைப் பிரித்தவள் முகத்தைச் சுளித்தாள். “அண்ணாச்சி, ஊசி போடுறியளா இல்லியா? பொய் சொல்லப்பிடாது.”

“போடறேனுங்க சிஸ்டர்.”

“போட்டா இப்பிடி ஆவாதே. நாளைக்கு வாங்க, பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். எக்கா, நீங்களாவது சொல்லுங்க.”

மாதம்மாள் கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே அவளை அடக்கினான். அவள் குனிந்து, கழற்றிப் போட்ட கட்டுத்துணியைப் பொறுக்கினாள். மறுநாள் அவன் போகவில்லை. பத்தியம் முடியட்டும் என்றான்.

சோதனையின் கடைசி நாள் வந்தது. மழை பெய்து சாலையெங்கும் பனிமூட்டம் கவிந்திருந்தது. எலிகளை மயக்கி, இரத்தம் எடுத்து, உயிர் போனபின் கணையத்தையும் ஈரலையும் தனித்தனியே புட்டிகளில் இட வேண்டும். மாதம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது கூண்டு எலிகள் கையில் நிற்காமல் துள்ளின. நான்காவது கூண்டில் எஞ்சியவற்றைத் தூக்கியபோது உமி அவற்றின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்தது.

சுகுணா கையுறையைக் கழற்றிவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“என்னங்க அம்மிணி, மேலுக்குச் சொகமில்லீங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க்கா. இத்தனை நாள் பண்ணினது வீணாப் போச்சு. கரட்டுக்கொடி ஒண்ணுமே செய்யலை.”

மாதம்மாள் கூண்டைக் கீழே வைத்தாள். “மருந்துக் கூண்டு நல்லா இருக்குதுன்னீங்களே?”

“ஆமா, நல்லாத்தான் இருந்துது. அது மாத்திரைங்க்கா. பொடிச்சுக் குடுத்தது.”

“மாத்திரைங்களா?”

“ஆமாங்க. வேரு குடுத்தது இந்த எக்ஸ்ட்ராக்ட் கூண்டு. பாருங்க, வெறுமனே விட்ட எலிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.”

மாதம்மாள் கை கழுவவில்லை, மேலங்கியைக் கழற்றவும் இல்லை. சுகுணா பின்னாலேயே ஓடிவந்து “என்னாச்சுங்க்கா?” என்று கத்தியது அவள் காதில் ஏறவில்லை. பேருந்து வரும்வரை காத்திருக்காமல் நடக்கத் தொடங்கினாள். வழியில் ஓர் இருசக்கர வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய் வீட்டருகே இறக்கிவிட்டார்.

கருப்பண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூச்சு மேலும் கீழும் வாங்கியது. வாயில் அழுகிய பழத்தின் வாடை அடித்தது.

“கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம். அது மருந்தில்லையாமா. நல்லான எலியெல்லாம் மாத்திரை தின்ன எலியாமா. வேரு குடிச்சதெல்லாம்...” அவளால் முடிக்க இயலவில்லை.

அவன் இமைகளைச் சிரமப்பட்டுத் தூக்கினான். “நீதான கேட்டுருச்சுன்ன?”

“நாந்தாங்க சொன்னேன். நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்.”

“தெனமும் கேட்டனே புள்ள” என்றான். கோபம் இல்லாமல், விவரம் கேட்பவன்போல. அதற்குப் பிறகு அவன் தெளிவாக எதுவும் பேசவில்லை.

ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியபோது, அவன் உருண்டு விழாமல் மாதம்மாள் தன் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கீழே மருத்துவமனையில், காலில் ஏறிய சீழ் இரத்தத்தில் கலந்துவிட்டது, காலை எடுத்தாலும் நிச்சயமில்லை என்றார்கள். எடுக்கச் சொல்லிக் கைநாட்டு வைத்தாள். பதற்றத்தில் அவளுக்குத் தன் பெயரை எழுத வரவில்லை. கால் போயிற்று, இரண்டு நாளில் ஆளும் போனான்.

உடல் மலைக்கு வந்தபோது ஜெசிந்தா வந்தாள். “ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா எக்கா” என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சுகுணாவும் வந்தாள். கூட்டத்துக்கு வெளியே நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள்.

கருமாதி முடியும்வரை தாலியறுத்தவள் பிறர் வீட்டு வாசலுக்குப் போகக்கூடாது என்பது அங்கே வழக்கம். கருமாதிக்கு இன்னும் சில நாள் இருந்தது. விடிந்து சற்று நேரத்தில், கொல்லைப்பக்கம் உலக்கைச் சத்தம் கேட்டது. ராமாயி வீட்டுச் சத்தம். மாதம்மாள் எழுந்து, கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து சாவுக்கு வந்திருந்த மகளும் உறவுக்காரர்களும் தடுக்கத் தடுக்க, நேரே அங்கே போய் நின்றாள். உரலில் கரட்டுக்கொடி வேர் பாதி நசுங்கிக் கிடந்தது.

ராமாயி உலக்கையைக் கீழே போட்டாள். “அடியே, இந்தக் கோலத்துல இங்க எதுக்குடி வந்த?”

“இதைக் குடிக்காதீங்க நங்கையா.”

“தம்பி செத்தது மருந்துனால இல்லடி. பத்தியம் முறிஞ்சிருக்கும். கருவாட்டு மேல அவனுக்கு ஆசை. நீ இல்லாதப்ப என்னத்தைத் தின்னானோ.”

“அவரு உப்பே தொடலைங்க. வேரு குடிச்ச எலியும் தொடலை. ஒண்ணுங்கூடத் தேறலை.”

“நீதான கேட்டுருச்சுன்னு ஊரெல்லாஞ் சொன்ன? இப்ப நீயே இல்லைங்கற. எந்தப் பேச்சைடி நம்பறது?”

மாதம்மாள் உரலைச் சாய்த்து வேரை மண்ணில் கொட்டினாள். ராமாயி வைதாள், தீட்டோடு வந்து வாசலை மிதித்தவள் என்று ஊர் கேட்கக் கூவினாள். மாதம்மாள் நகரவில்லை. “சிஸ்டர்கிட்ட வந்து ஒருக்கா விரலைக் குத்திப் பாருங்க. ஒண்ணுமில்லைன்னா நானே மறுக்கா வேரு தோண்டியாந்து குடுக்கறேன்” என்றாள். வெயில் ஏறும்வரை அதையே சொல்லிக்கொண்டு நின்றாள். கடைசியில் ராமாயி, இந்தப் பீடை ஒழியட்டும் என்று சேலையை உதறிக்கொண்டு கிளம்பினாள். பேருந்தில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

சுகாதார நிலையத்தில் ஜெசிந்தா ராமாயியின் விரலைக் குத்தி, இரத்தச் சொட்டைச் சோதனை அட்டையில் தொட்டுக் கருவியைப் பார்த்தாள். இன்னோர் அட்டையை மாற்றி மறுபடியும் பார்த்தாள். கருவியில் எண் எதுவும் விழவில்லை.

ராமாயியின் முகம் மலர்ந்தது. “பாத்தியாடி? நம்பரே வல்ல. சக்கரை சுத்தமாப் போயிருச்சு.”

தன் அளவுக்கு மேல் சர்க்கரை ஏறிவிட்டால் அந்தக் கருவி எண்ணைக் காட்டாது. ஜெசிந்தா அதைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஒரு கையால் ஆம்புலன்சுக்குத் தொலைபேசியை அழுத்தி, மறுகையால் இன்சுலின் இருந்த குளிர்பெட்டியைத் திறந்தாள். மாதம்மாள் ராமாயியைப் பலகையில் உட்காரவைத்து, திமிறிய அவள் கையைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஊசிக்காகச் சேலைத் தலைப்பை ஒதுக்கினாள்.